குழந்தைக்குப் பால் ஒவ்வாவிட்டால் நிறுத்த வேண்டியது தாய்ப்பால் அல்ல

(பளையில் தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் எமது மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி என்று பேசுகிற மேடையில் இன்று குழந்தையின் பாலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்தின் வேலையா என்று சில தோழர்கள் கேட்டார்கள். சங்கத்தின் வேலைதான் என்பதை இந்தப் பேச்சு முடிவதற்குள் நீங்களே சொல்வீர்கள்.

நாம் யார்? நம்மில் பலரின் பாட்டன் பாட்டி மலையகத்து லயன்களில் பிறந்தவர்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வடக்கே வந்தவர்கள். இங்கு வந்து கொழுந்துக்குப் பதிலாகத் தேங்காய் பொறுக்கினோம், உரித்தோம், மட்டை அடித்தோம். யுத்தம் இந்தப் பக்கத்துத் தென்னைகளின் தலையைக் கொய்தபோது மீண்டும் இடம்பெயர்ந்தோம். கண்ணிவெடி அகற்றிய மண்ணில் மீண்டும் கன்று நட்டோம். இவ்வளவும் செய்தவர்கள் நாம். ஆனாலும் ஒரு நான்கு மாதக் குழந்தை பால் குடித்துவிட்டுச் சத்தி எடுத்தால், அதன் மலத்தில் இரத்தம் தெரிந்தால், கை கால் பதறி நிற்கிறோம். அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவுகள்தான் சில வேளைகளில் நோயைவிடக் கூடுதலான கேட்டைச் செய்கின்றன.

எங்களிடையே உள்ள ஒரு குடும்பத்துக்கு நடந்ததை, அவர்களின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். தாய் மூன்றாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். பகலில் பிள்ளைக்குப் போத்தலில் பால்மா கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் கன்னத்திலும் கை மடிப்பிலும் கரப்பான் வந்தது. மலத்தில் சளியும் இரத்தக் கோடுகளும் தெரிந்தன. கடையில் கேட்டபோது வேறு பெயர்ப் பால்மா கொடுத்தார்கள். அதுவும் ஒத்துவரவில்லை. அயலில் ஒருவர், "உன் பால் பிள்ளைக்குச் சேரவில்லை, அதை நிறுத்து" என்றார். இன்னொருவர் ஆட்டுப்பால் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வாரம் கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது பிள்ளையின் நிறை ஒரு கிராம்கூட ஏறியிருக்கவில்லை. தாயின் பாலும் வற்றத் தொடங்கியிருந்தது.

அந்த வீட்டில் யாருக்கும் பிள்ளைமேல் அக்கறை குறைவு இல்லை. எல்லோரும் நல்லது நினைத்துத்தான் சொன்னார்கள். குறைந்தது அறிவும் நேரமும் பணமும். அறிவை இன்று இங்கே பகிரலாம். நேரமும் பணமும் சங்கம் போராடிப் பெற வேண்டியவை.

இது என்ன நோய்?

பசுப்பாலில் உள்ள புரதத்தை, அதாவது சதை வளர்க்கும் சத்தை, சில குழந்தைகளின் உடல் எதிரி என்று எண்ணி எதிர்க்கிறது. இதுவே பால்புரத ஒவ்வாமை. வெளிநாடுகளில் செய்த ஆய்வுகளின்படி, நூறு குழந்தைகளில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை முதல் வயதில் இதற்கு ஆளாகின்றனர். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் இது இன்னும் குறைவு. இருநூறில் ஒன்று என்ற அளவுதான்.

"பால் சீனி செரிக்கவில்லை" என்பது வேறு விடயம். லக்ரோஸ் என்ற பால்சீனி செரிக்காத நிலை கைக்குழந்தைகளில் மிக அரிது. கடுமையான வயிற்றோட்டத்துக்குப் பின் சில நாள் வந்து போவதுண்டு. ஆகவே "லக்ரோஸ் இல்லாத பால்மா" என்று எழுதிய தகரத்தை வாங்கினால் ஒவ்வாமை தீராது. சீனியை எடுத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும்.

இந்த ஒவ்வாமை இரண்டு விதமாக வரும்.

முதல் விதம் உடனே வருவது. பால் குடித்துச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் காஞ்சோண்டி பட்டதுபோல் உடலெங்கும் தடிப்பு எழும். உதடும் கண்ணிமையும் வீங்கும். சத்தி வரும். சிலருக்கு மூச்சு இழுக்கும், குரல் கம்மும், பிள்ளை வெளிறித் துவண்டு போகும். மூச்சோ தளர்வோ வந்தால் அது உயிராபத்து. வீட்டு வைத்தியம் பார்க்க நேரம் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2018 ஜூலை முதல் வடக்கிலும் ஓடும் இலவச அம்புலன்ஸ் அது. பிள்ளையை நிமிர்த்தித் தோளில் போட்டு ஆட்ட வேண்டாம், படுத்தபடி வைத்திருங்கள். மூச்சு இழுத்தால் மட்டும் மடியில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். வைத்தியசாலையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அந்த நேரத்து மருந்து.

இரண்டாவது விதம் பிந்தி வருவது. பால் குடித்துப் பல மணித்தியாலம் கழித்து, சில வேளை இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். மலத்தில் சளி, இரத்தம். தீராத வயிற்றோட்டம். பூச்சு மருந்துக்கும் அடங்காத கரப்பான். நிறை ஏறாமை. இந்த விதத்தைக் காரணத்தோடு பொருத்துவது கடினம், ஏனெனில் காலையில் குடித்த பாலுக்கு மறுநாள்தான் பதில் வருகிறது. இரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் முதல் விதத்துக்கே உதவும். இரண்டாவது விதத்தில் பரிசோதனை "இல்லை" என்று காட்டினாலும் ஒவ்வாமை இருக்கலாம். அதனால் "பரிசோதனையில் ஒன்றும் இல்லை, தாய் பொய் சொல்கிறாள்" என்று எவரும் பேசிவிட வேண்டாம்.

எல்லாம் ஒவ்வாமை அல்ல

இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை பால் கக்குவது இயல்பு. பிறந்து ஆறு வாரமளவில் அழுகை உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணிவதும் இயல்பு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மஞ்சளாக, இளக்கமாக, நாளுக்குப் பல தடவை மலம் போவதும் இயல்பு. பிள்ளை சிரிக்கிறது, நிறை ஏறுகிறது என்றால் ஒவ்வாமை என்று நாமாகப் பெயர் சூட்டித் தாயைப் பட்டினி போட வேண்டாம்.

மறுபக்கம், மலத்தில் இரத்தம் என்றால் எல்லாமே ஒவ்வாமையும் அல்ல. கிருமித் தொற்றாக இருக்கலாம். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நிலையாகவும் இருக்கலாம். விட்டு விட்டு வீரிட்டு அழுது, காலை மடக்கி, பச்சை நிறத்தில் சத்தி எடுத்து, இரத்தமும் சளியும் போனால் அதே மணித்தியாலத்தில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலை உண்டு. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை உண்டு. தெற்கே கிளிநொச்சியில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. ஓமத் தண்ணீர், கிரைப் வோட்டர், வசம்பு உரைத்தது எதுவும் இதற்கு மருந்தல்ல. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதே கிளினிக்கில் நமக்குச் சொல்லித் தரும் பாடம்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு

அந்தக் குடும்பத்துக்கு அயலவர் சொன்னதுபோல், "உன் பால் பிள்ளைக்கு ஆகாது" என்ற சொல்தான் நம்மிடையே அதிகம் புழங்கும் சொல். அது தவறு. பிள்ளைக்கு ஒவ்வாதது தாயின் பால் அல்ல. தாய் குடித்த பசுப்பாலிலிருந்து மிகச் சிறிய அளவு புரதம் தாய்ப்பாலில் வருகிறது. பிள்ளைக்கு ஒவ்வாதது அதுதான். ஆகவே நிறுத்த வேண்டியது தாய் உண்ணும் பாலுணவை. தாய்ப்பால் தொடர வேண்டும்.

செய்யும் முறை இது. வைத்தியர் சந்தேகப்பட்டால் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால் கலந்த எதையும் உண்ணாமல் இருப்பார். பிள்ளையின் நிலை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் வைத்தியரின் சொற்படி தாய் மீண்டும் பால் சேர்த்துப் பார்ப்பார். குறி திரும்பி வந்தால்தான் ஒவ்வாமை உறுதி. தேறாவிட்டால் காரணம் வேறு. அப்போது தாய் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம், வீணாகப் பத்தியம் காக்க வேண்டியதில்லை. உடனே வரும் விதமாக இருந்தால் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதை வீட்டில் செய்யவே கூடாது. அது வைத்தியசாலையில் நடக்க வேண்டியது.

எதை விலக்குவது? பசுப்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், பால்மா, ரின்பால், தயிர், மோர், யோகட், பட்டர், நெய், சீஸ், ஐஸ்கிறீம், பால் சேர்த்த சொக்லேட், ரொபி, பல வகைப் பிஸ்கற்றுகள். பைக்கற்றின் பின்புறம் "பால் திண்மங்கள்", "வே", "கேசின்" என்று இருந்தால் அதுவும் பால்தான். கிளினிக்கில் தரும் திரிபோஷாவும் சோளம், சோயாவோடு பால்மா சேர்த்துச் செய்யப்படுவது. அதை வீசிவிட வேண்டாம், வீட்டில் நிறை குறைந்த மூத்த பிள்ளை இருந்தால் அதற்கு உதவும். உங்களுக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நம் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாவற்றையும் "பால்" என்கிறோம். தேங்காய்ப்பாலும் பால், பாற்சொதியும் பால், பால்சுறாவும் பால். ஒரு தாய் இந்தப் பெயர்களைக் கேட்டே சொதியையும் சுறா வறையையும் நிறுத்திவிட்டு வெறும் சோறும் கீரையும் தின்றார். தேங்காய்ப்பாலில் பசுப்பால் புரதம் இல்லை. தாய் தாராளமாகச் சாப்பிடலாம். பிள்ளை பெற்ற தாய்க்கு நம் வீடுகளில் ஆக்கும் சுறா வறையும் சரக்குக் கறியும் தடை இல்லை.

பால் நிறுத்திய தாய்க்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையக் கூடாது. அதற்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, சூடை, குரக்கன் புட்டு, எள்ளுருண்டை, முருங்கையிலை, மற்றக் கீரைகள், உளுந்தங்களி. இவை இந்த மண்ணின் சாப்பாடு. கிளினிக்கில் தரும் கல்சியம் குளிசையைத் தவறாமல் எடுங்கள். அதன் பெயரில் "லக்ரேற்" என்று இருப்பதால் பால் என்று பயப்பட வேண்டாம். தேத்தண்ணியைப் பால் இல்லாமல் குடியுங்கள். இரும்புச் சத்துக் குளிசையோடு மட்டும் தேத்தண்ணி வேண்டாம்.

தோழர்களே, ஆண்களே, இது உங்களுக்கு. வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நாலு நாளில் நின்றுவிடும். வீடு முழுவதும் நான்கு வாரம் பால் இல்லாத் தேத்தண்ணி குடித்தால் அந்தத் தாய்க்கு அது பத்தியமாகத் தெரியாது.

போத்தல் பால் குடிக்கும் பிள்ளைக்கு

தாய்ப்பால் இல்லாத, அல்லது போதாத பிள்ளைக்கு என்ன செய்வது? இங்கேதான் ஏமாற்றமும் செலவும் அதிகம்.

ஆட்டுப்பால் தீர்வல்ல. யாழ்ப்பாணத்தில் ஆட்டுப்பாலுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் உடன்பிறப்புகள் மாதிரி. பசுப்பால் ஒவ்வாத பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு மேல் ஆட்டுப்பாலும் ஒவ்வாது. எருமைப்பாலும் அப்படியே. ஒரு பெயர்ப் பால்மாவிலிருந்து இன்னொரு பெயருக்குத் தாவுவதும் வீண். படம் மாறும், பசு மாறாது. தேங்காய்ப்பால், கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர் எதுவும் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலுக்கு ஈடாகாது. சோயாப் பால்மாவை ஆறு மாதத்துக்கு முன் கொடுப்பதில்லை. அதன் பின்னும் சில பிள்ளைகளுக்கு அதுவும் ஒவ்வாது. வைத்தியர் சொன்னால் மட்டுமே.

வைத்தியர் எழுதுவது, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த விசேட பால்மா. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போதும். பத்தில் ஒரு பிள்ளையளவில் அதுவும் ஒத்துவராமல், அமினோ அமிலங்களால் மட்டும் செய்த பால்மா தேவைப்படும். புரதத்தை அரைகுறையாக உடைத்த பால்மாவும் கடையில் உண்டு. அதன் தகரத்திலும் "ஒவ்வாமை" என்ற சொல் இருக்கலாம். அது இந்த நோய்க்கு உதவாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஐந்து கிலோ நிறையுள்ள பிள்ளை நாளுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் குடிக்கும். அதற்கு 100 கிராம் அளவு மா வேண்டும். 400 கிராம் தகரம் நான்கு நாளில் முடியும். மாதத்துக்கு ஏழு எட்டுத் தகரம். விசேட பால்மாவின் விலை சாதாரணப் பால்மாவைவிடப் பல மடங்கு. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. இங்கே தேங்காய் உரிப்போருக்குக் கிடைப்பதும் நாளுக்கு நாள் மாறும் கூலி. இந்தக் கூலியில் அந்தத் தகரங்களை வாங்கும் குடும்பம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போடும். தண்ணீரைக் கூட்டும். பிள்ளை மெலியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பணம் முட்டினால் வெட்கப்படாமல் கிளினிக்கிலும் வைத்தியசாலையிலும் சொல்லுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள்.

தாய்ப்பால் ஏன் இவ்வளவு முக்கியம் என்று இந்தக் கணக்கே சொல்கிறது. ஒவ்வாமையுள்ள பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் ஆகப் பாதுகாப்பானது, ஆக மலிவானது. ஓரளவு வற்றிய பாலையும் அடிக்கடி பிள்ளையை மார்பில் போடுவதாலும் கையால் கறப்பதாலும் மீட்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் அதற்கு வழி காட்டுவார். முன்பு சொன்ன குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. பகலுக்கு விசேட பால்மா, இரவும் காலையும் தாய்ப்பால் என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் தகரங்களின் எண்ணிக்கையைப் பாதிக்கு மேல் குறைத்தார்கள். மலத்தில் இரத்தம் நின்றது. நிறைக்கோடு மேலே திரும்பியது.

சோறு தீத்தும்போது

ஆறு மாதம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளைப் போலவே இந்தப் பிள்ளைக்கும் சாப்பாடு தொடங்கலாம். மசித்த சோறு, பருப்பு, பூசணி, மீன், முட்டை எல்லாம் உரிய முறைப்படி. பால் ஒன்றைத்தான் விலக்குகிறோம். பயத்தில் முட்டையையும் மீனையும் சேர்த்து விலக்கினால் பிள்ளைக்குச் சத்துக் குறையும். பெட்டியில் வரும் குழந்தைத் தானிய உணவுகள் பலவற்றில் பால்மா உண்டு, வாசித்து வாங்குங்கள். கோயிலில் சோறு தீத்தும் நாளில் பாற்பொங்கலும் பஞ்சாமிர்தமும் வரும். தேங்காய்ப்பாலில் பொங்கிக் கொண்டுபோங்கள், ஐயரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்தச் சாமியும் அதற்குக் கோபிக்காது. அம்மம்மா, அப்பாயி, அயல் வீட்டு அக்கா, பிள்ளை பார்ப்பவர் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "ஒரு வாய் பிஸ்கற்தானே" என்பதில்தான் ஆபத்து.

தடுப்பூசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒவ்வாமை இருப்பதை ஊசிக்கு முன் சொல்லுங்கள். எங்கே, எப்படிப் போடுவது என்று வைத்தியர் முடிவெடுப்பார்.

நல்ல செய்தி, இது ஆயுள் தண்டனை அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இதிலிருந்து விடுபடுகின்றனர். பலர் முதல் வயது முடியும்போதே. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியரிடம் காட்டி, மீண்டும் பால் சேர்த்துப் பார்க்கும் காலம் வந்ததா என்று கேளுங்கள். தேவையில்லாமல் ஐந்து வருடம் விலக்கி வைப்பதும் பிள்ளைக்கு நல்லதல்ல.

இனிச் சங்கத்தின் வேலை

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டும் குடித்தனர். உலக அளவில் இது பெருமைப்படத்தக்கது. அதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 1981இல் பால்மா விளம்பரத்துக்கு எதிரான கோவையை நிறைவேற்றியது. 1983இல் இலங்கை தனக்கென ஒரு கோவையைக் கொண்டுவந்தது. குழந்தைப் பால்மாவை மக்களிடம் விளம்பரப்படுத்துவதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் அதன்படி கூடாது. யாராவது உங்களுக்கு இலவசத் தகரம் நீட்டினால் அது பரிசு அல்ல, தூண்டில்.

ஆனால் மூன்றாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு இந்தக் கோவை மட்டும் போதாது. அவருக்கு நேரம் வேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. பேற்று விடுமுறை 12 வாரம். 2018இல் செய்த திருத்தத்துக்குப் பின் மூன்றாவது பிள்ளை, நாலாவது பிள்ளை என்ற பாகுபாடும் இல்லை. அதோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை. தொழில்தருநர் பிள்ளைக் காம்பரா வைத்திருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணித்தியாலம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகம். யாரும் கருணையால் தருவதல்ல, உரிமை.

மலையகத்தில் இதை வாசிக்கும் சகோதரிகளுக்குப் பிள்ளைக் காம்பரா பழக்கமானது. இன்று அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். அங்கே பிள்ளையை விடும்போது பிள்ளைக்குப் பால் ஒவ்வாது என்று எழுத்தில் கொடுங்கள். பராமரிப்பவரின் கையில் ஒரு தாள், சுவரில் ஒரு தாள். இங்கே பளையில் நமக்குப் பெரும்பாலும் அப்படியோர் இடமே இல்லை. நாட்கூலி, பெயர்ப் பதிவு இல்லை, "நீங்கள் தற்காலிகம்" என்று சொல்லி உரிமையைத் தட்டிக் கழிக்கிறார்கள். பதிவுக்கான நமது போராட்டமும் இந்தப் பிள்ளையின் பாலும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை இப்போது காண்கிறீர்கள்.

ஆகவே சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று, பாலூட்டும் இடைவேளையை ஒவ்வொரு தோட்டத்திலும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பது. பேச்சுவார்த்தைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்ததாக அது வர வேண்டும்.

இரண்டு, வேலைத்தலத்தில் நிழலும் மறைவும் சுத்தமான தண்ணீரும் உள்ள ஓர் இடம். தாய் அங்கே பால் கறந்து மூடிய பாத்திரத்தில் அனுப்பலாம். நம் வெயிலில் கறந்த பாலைக் குளிரான நிழலில் வைத்து மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

மூன்று, கிளினிக் நாளில் கூலி வெட்டாமை. நான்கு வாரம் கழித்து வரச் சொல்லும் வைத்தியரிடம் தாய் போகாமல் விடுவது பெரும்பாலும் அந்த ஒரு நாள் கூலிக்காகத்தான்.

நான்கு, வைத்தியர் எழுதிய விசேட பால்மாவை ஏழைக் குடும்பங்களுக்கு அரச வைத்தியசாலை வழியாகத் தர வேண்டும் என்ற கோரிக்கையை மாகாண சுகாதார அமைச்சுக்குச் சங்கத்தின் பெயரில் அனுப்புவது.

இவை நிறைவேறக் காலம் எடுக்கும். நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு. ஒரு கொப்பி எடுங்கள். பிள்ளை என்ன குடித்தது, தாய் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குக் குறி தெரிந்தது, மலம் எப்படி இருந்தது என்று நாளுக்கு நாலு வரி எழுதுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அந்தக் கொப்பியையும் கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் பார்க்கும் வைத்தியருக்கு அது ஒரு மாதத்துக் கதையைச் சொல்லும்.

எமது மகளிர் பிரிவு ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு தாய்மாரைப் பொறுப்பாக வைக்கிறது. புதிதாகப் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவர்கள் முதலாம் மாதத்திலேயே வருவார்கள். பால்மாத் தகரத்தோடு அல்ல, ஒரு கட்டு முருங்கையிலையோடும் கேட்கக் காதோடும் வருவார்கள். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். தகப்பன்மாரும் வரலாம்.